பங்கு என்னும் சொல்



தூத்துக்குடியிலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரையைப் பற்றிக்கொண்டே சென்றால் புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு எனத் தேவாலயக் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குத் தோன்றும். மணப்பாட்டு மணற்குன்றையும் கடந்து அப்பாற் சென்றால் வருவது பெரியதாழை. ஒருபுறம் செம்மணல் தேரியும் பனங்காடும். மறுபுறம் ஓயாத அலைகடல். இவ்விரண்டுக்கும் இடையே நெருங்கி நிற்கும் வீடுகளும், அவற்றின் நடுவே நிமிர்ந்து நிற்கும் கோவிலும். தாழையாற் பெயர் பெற்ற ஊர் இது என்பதைப் பெயரே சொல்லிவிடும். இவ்வூரையும், இதன் உடன்பிறப்புகள் போன்ற பிற கடற்கரை ஊர்களையும் முன்னிறுத்தி, ஒரு கத்தோலிக்கப் பங்கின் சமுதாய வாழ்வையும் அதன் மரபுச் செல்வத்தையும் பற்றிச் சிறிது நேரம் உங்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

முதற்கண் ‘பங்கு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு குருவானவரின் பொறுப்பில் அமைந்த ஊரையோ ஊர்த்தொகுதியையோ தமிழ்க் கத்தோலிக்கர் ‘பங்கு’ என்று வழங்குகின்றனர். கடற்றொழிலாளர் வாழ்விலோ இச்சொல் நாள்தோறும் புழங்கும் வேறொரு பொருளை உடையது. படகு கரை சேர்ந்ததும், விற்ற மீனின் பணத்தில் செலவு நீக்கி, படகுக்கு இத்தனை பங்கு, வலைக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். கடலில் எவனும் தனியொருவனாக வாழ்ந்துவிட முடியாது. வலையை ஒருவன் வீச, தண்டை மற்றொருவன் வலிக்க வேண்டும். எனவே வருவாயும் பகிர்ந்தே தீர வேண்டும். கோவிலைச் சார்ந்த வாழ்வும் இந்த மக்களிடையே அப்படியே அமைந்தது. உழைப்பில் ஒரு பங்கு, துன்பத்தில் ஒரு பங்கு, விழாவில் ஒரு பங்கு என்று ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்டதனால்தான் இவ்வூர்கள் ஐந்நூறு ஆண்டுக்காலம் நிலைத்து நின்றன. இன்று நான் சொல்ல வந்த செய்தியின் கரு இதுவே.

நெய்தல் நிலத்துப் பரதவரைப் பற்றிச் சங்க நூல்கள் பலபடப் பேசுகின்றன. கொற்கை முத்தின் பெருமையை அவை பாடுகின்றன. முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் மகிழ்ந்த காட்சியைப் பட்டினப்பாலை தீட்டிக் காட்டுகிறது. தொழிலை நிறுத்தி ஊர் முழுவதும் ஒன்றுகூடும் நாள் ஒன்று வேண்டும் என்ற உணர்வு இம்மக்களுக்குப் புதிதன்று என்பது இதனாற் புலனாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுமரங்கள் கரையில் ஓய்ந்து கிடந்ததற்குச் சமயக் கட்டளை ஒரு காரணம். அதனினும் பழைய பழக்கம் ஒன்றும் அதற்குத் துணை நின்றது எனலாம்.

பதினாறாம் நூற்றாண்டில், முத்துக்குளித்துறையின் உரிமை பற்றி எழுந்த போட்டியில் நெருக்குண்ட பரதவர், 1535-ஆம் ஆண்டையொட்டிக் கொச்சிக்குத் தூது சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். அதன் தொடர்ச்சியாக இரண்டொரு ஆண்டுகளில் பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றனர். பெயர் மாறிற்று, கழுத்தில் சிலுவை ஏறிற்று. ஆயினும் ஏற்றுக்கொண்ட சமயத்தின் பொருளை அவர்தம் மொழியில் எடுத்துச் சொல்வார் சில ஆண்டுக்காலம் இல்லை.

1542-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தபோது கண்ட நிலை இதுதான். அவர் செய்தது என்ன? தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியொன்றை ஏந்தித் தெருத்தெருவாக அடித்துச் சென்று சிறுவரைத் திரட்டினார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ‘வீட்டிற்குச் சென்று உங்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுங்கள்’ என்று அனுப்பினார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்த பாடமுறைகள் பல. பிள்ளையை ஆசிரியனாக்கி வீட்டிற்கு அனுப்பும் இம்முறையினும் எளியதும் வலியதுமான ஒன்றை நான் அறியேன்.

அவர் செய்த இன்னொன்று நம் கருத்துக்கு மிகவும் உரியது. ஓர் ஊரில் தங்கிவிட அவரால் இயலாது, கரையோ நெடியது. ஆகவே ஊர்தோறும் அவ்வூராரிலேயே ஒருவரைத் தேர்ந்து, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கவும், பிறப்பு இறப்பு மணங்களைக் கவனிக்கவும், தவறு கண்டால் எடுத்துரைக்கவும் ஏற்பாடு செய்தார். அவர்களைக் கணக்கப்பிள்ளைகள் என்றழைத்தனர். பிற்காலத்து உபதேசியார்களின் முன்னோடிகள் அவர்களே. அவர்களுக்கு ஊதியம் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கல் நாட்டு அரசியாரின் காலணிச் செலவுக்கென்று இக்கரை வருவாயிலிருந்து 4000 பணம் ஒதுக்கப்பட்டு வந்தது. அதனையே இவ்வேலைக்கு விட்டுக்கொடுக்குமாறு கேட்டுப் பெற்றார் சவேரியார் என்பது வரலாறு. முத்துக் குளித்தவனின் மூச்சடக்கிய உழைப்பு, கடல் கடந்து காலணியாகாமல், அவன் பிள்ளைக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியனின் ஊதியமாகக் கரையிலேயே தங்கிற்று. பங்கிட்டு வாழ்தல் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

சவேரியாரை அடுத்து இக்கரையில் வாழ்ந்தவர் என்றிக்கே என்றீக்கசு என்னும் அண்டிரிக் அடிகளார். 1547 முதல் 1600 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல், இம்மக்களிடையே தங்கித் தமிழைக் கற்றுத் தமிழிலேயே எழுதியவர். அவர் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிற்று. பதினாறே பக்கங்கள், எனினும் இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சிடப்பட்ட முதல் நூல் என்ற பெருமை அதற்குண்டு. அடுத்த ஆண்டில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வெளிவந்தது. 1586-இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூல் வந்தது. இவ்வச்சுப் பணிக்கு வேண்டிய பொருளைத் திரட்டித் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்களே. எழுத்தறியாத மீனவரென்று ஏளனமாகப் பேசுவோர், தமிழ் அச்சுக்கலையின் முதற் செலவை ஏற்றவர்கள் அவர்கள்தாம் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி, இம்மரபு எத்துணை வேரூன்றியது என்பதைக் காட்டும் காலம் ஒன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அரசியலின் விளைவாக இயேசு சபையினர்க்கு இடையூறுகள் எழுந்தன. 1773-ஆம் ஆண்டில் அச்சபையே கலைக்கப்பட்டது. அவர்கள் இப்பகுதிக்கு மீண்டும் வந்தது 1838-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே. இடைப்பட்ட இரண்டு தலைமுறைக் காலத்தில் கோவாவிலிருந்து வந்த குருக்கள் சிலரே நெடுந்தொலைவு நடந்து ஊர் ஊராகச் சுற்றினர். பல ஊர்கள் ஆண்டில் சில நாள்களே குருவானவரைக் கண்டன. அப்போது சாகும் தறுவாயில் இருந்தவர் பக்கத்தில் அமர்ந்து செபம் சொன்னவர் யார்? பிறந்த குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் அளித்தவர் யார்? மாலை வேளையில் மணியடித்து ஊரைக் கூட்டியவர் யார்? உபதேசியாரும், கோவில்பிள்ளையும், மூத்த தாய்மாரும் அன்றோ? மேலிருந்து வரும் உதவி நின்றபோதும் ஊர் தன்னைத் தானே தாங்கிக்கொண்டது.

இம்மக்களின் பெயர்களும் சொற்களும் ஒரு சிறு வரலாற்று நூலுக்குச் சமம். ஞானஸ்நானத்தின்போது கைப்பிடித்தவரின் குடும்பப் பெயரை ஏற்றதனால் பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ, மச்சாது, வாஸ் என்னும் பெயர்கள் பனந்தோப்புக்கு நடுவே வழங்கலாயின. குருசு என்பதும் பாதிரி என்பதும் மட்டுமல்ல, நம் வீடுகளில் எல்லாச் சமயத்தாரும் வழங்கும் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்பனவும் போர்த்துக்கீசியர் வழியே வந்தவை. இதற்கு நேர்மாறாக, புனிதர்களின் பெயர்களைத் தமிழ் தன் வீட்டுப் பிள்ளைகளாக்கிக்கொண்டது. ஸ்தேவான் என்னும் பெயருக்குக் கிரேக்கத்தில் முடி என்று பொருள். அவர் முடியப்பர் ஆனார். சின்னவர் என்று பொருள்படும் பவுல், சின்னப்பர் ஆனார். இறைவனின் அருள் என்னும் பொருளுடைய யோவான், அருளப்பர் ஆனார். வந்ததை வரவேற்று, வந்ததற்குத் தன் உடை உடுத்திப் பார்க்கும் இவ்வியல்புதான் இம்மரபின் உயிர்நாடி.

கோவில் விழாக்களிலும் இதனைக் காணலாம். கொடியேற்றம், நவநாள், சப்பரம், தேர், வடம் பிடித்தல், அசன விருந்து ஆகிய எல்லாம் தமிழ் மண்ணின் கோலங்களே. தூத்துக்குடிப் பனிமய மாதாவின் பொற்றேர் முதன்முதல் ஓடியது 1806-ஆம் ஆண்டு. அத்தேரை உருவாக்கியவர் பரதவரின் சாதித்தலைவராக விளங்கிய தொன் கபிரியேல் தக்ருஸ் கோமஸ். ஆண்டுதோறும் ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்டு 5-இல் நிறைவுறும் அத்திருவிழாவிற்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்வதை இன்றும் காணலாம். மணப்பாட்டில் செப்டம்பர் 14-ஆம் நாள் திருச்சிலுவைத் திருவிழா நடைபெறும்போது, பெரியதாழை உள்ளிட்ட சுற்றூர்களின் வழிகளெல்லாம் அக்குன்றை நோக்கியே திரும்பிவிடும்.

ஆயினும் விழாவின் ஆரவாரத்தினும் தவக்காலத்தின் அமைதியே இம்மக்களின் உள்ளத்தை எனக்கு நன்கு உணர்த்திற்று. கடற்கரைத் தமிழில் ‘பாடு’ என்றால் பிடிபட்ட மீன். ‘இன்று பாடு எப்படி?’ என்பதே கரையில் முதற் கேள்வி. கோவிலில் ‘பாடு’ என்றால் ஆண்டவர் பட்ட துன்பம். இரண்டும் ஒரு சொல்லாக அமைந்தது மொழியின் தற்செயல் என்று இலக்கணம் கூறலாம். படாத பாடு பட்டுப் பாடு கொண்டுவரும் மீனவனுக்கு அது தற்செயலாகத் தோன்றாது. குருத்தோலை ஞாயிறன்று ஓலை ஏந்திச் சென்ற கைகள், பெரிய வெள்ளியன்று மார்பிலடித்துக்கொள்ளும். பூசை இலத்தீன் மொழியில் நடைபெற்ற காலத்திலும் இந்த அழுகை தமிழிலேயே இருந்தது. இலங்கையில் தொண்டாற்றிய கோவா நாட்டவரான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் போன்ற நூல்கள் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் பரவின. ஏட்டைப் பார்க்காமலே அவற்றை இழுத்துப் பாடும் பெரியவர்களை நான் பணியாற்றிய ஊர்களிற் கண்டிருக்கிறேன். கடலில் மகனைப் பறிகொடுத்த தாயொருத்தி, மாதாவின் புலம்பலைப் பாடும்போது அவள் யாருக்காக அழுகிறாள் என்று பிரித்துக் கூற யாரால் முடியும்?

நவம்பர் 2-ஆம் நாள் மரித்தோர் நினைவு நாள். கல்லறைகளிலெல்லாம் மெழுகுவர்த்தி எரியும். கடல் கொண்டுபோன உடலுக்குக் கல்லறை ஏது? அத்தகையோரின் வீட்டார் தோட்டத்தின் நடுவிலுள்ள பெருஞ்சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, கடல் இருக்கும் திசை நோக்கிச் சற்று நின்று செல்வதைக் கண்டிருக்கிறேன். அவ்வழியே செல்லும் மற்றவரும் அதில் ஒரு திரியேற்றிச் செல்வர். ஒரு வீட்டின் துயரம் ஊரின் துயரமாகிவிடுகிறது.

இத்தகைய பகிர்வு உணர்ச்சியோடு நின்றுவிடவில்லை, கணக்கிலும் இடம்பெற்றது. கரைசேர்ந்த மீனில் ஒரு பகுதியைக் கோவிலுக்கென ஒதுக்கும் வழக்கம் இக்கரையெங்கும் இருந்தது. கோவிற் பழுதும், விளக்கெண்ணெயும், உபதேசியார் ஊதியமும், பள்ளிக்கூடச் செலவும், ஏழைகள் அடக்கமும் அதிலிருந்து நடந்தன. குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். அவ்வுரிமையைச் சில ஊர்களில் ஏலம் விட்டனர். எடுத்தவர் கடுமையாகத் தண்டினார். வழக்கும் மனக்கசப்பும் விளைந்தன. தூத்துக்குடியில் மேசைக்காரர் என்று தம்மை உயர்த்திக்கொண்டோரும் இருந்தனர். தேரின் முதல் மரியாதை யாருக்கு என்பதிற் பிளவுபட்ட ஊர்களும் உண்டு. கரையில் இருப்பவனைச் சகோதரன் என்று அணைத்த கை, தேரியிலிருந்து வந்தவனை வேறாகப் பார்த்ததும் உண்டு. மரபைப் போற்றுவோர் அதன் கறைகளையும் அறிந்து போற்ற வேண்டும். அல்லாவிடில் கறைகளே மரபென்று இளைஞர் எண்ணிவிடுவர்.

எனினும் இடர் வந்த வேளையில் அடிப்படை வலிமை வெளிப்பட்டது. 2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. எத்தனை பேர், எவரெவர் என்று அறிய முடியாமல் நாடு திகைத்தது. அப்போது வீடு வீடாகச் சென்று, படகு படகாகக் கேட்டு, பெயர்ப்பட்டியல் தொகுத்தவை அங்குள்ள பங்குகளே. யார் வீட்டு மகன் எந்தப் படகில் எத்தனாம் நாள் சென்றான் என்பதை ஊர் அறிந்திருந்தது. அந்த அறிவு ஒரு நாளில் வந்ததன்று. ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து மரண அறிவிப்பு மணி வரை தலைமுறைகளாகப் பழகிய பழக்கத்தின் பயன் அது.

நேயர்களே, இவ்வாறு பங்கையே ஊராகக் கொண்டு வாழ்ந்தவர்கள் நம் கரையில் மட்டும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போலந்து நாடு உலகப் படத்திலேயே இல்லை. மூன்று பேரரசுகள் அதனைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. பிழைப்புத் தேடி அமெரிக்காவின் சிக்காகோ நகருக்குச் சென்ற போலந்து மக்கள், 1864-ஆம் ஆண்டில் புனித ஸ்தனிஸ்லாஸ் கொஸ்காவின் பெயரால் ஒரு சங்கத்தை ஒருவருக்கொருவர் துணையாக அமைத்துக்கொண்டனர். அச்சங்கத்தின் வழியாக 1867-இல் அப்புனிதரின் பெயரால் ஒரு பங்கு தோன்றிற்று. முதலில் துணை, பின்பு கோவில், அதனுடன் பள்ளி என்று அது வளர்ந்தது. நாடு இழந்தவர்களுக்கு அப்பங்கே நாடாயிற்று. அவர்களிடம் ஓர் அழகிய வழக்கம் உண்டு. கிறிஸ்துமசுக்கு முந்திய இரவில், மெல்லிய அப்பமொன்றை ஏந்தி நின்று, ஒருவர் கையிலுள்ளதில் மற்றவர் ஒரு துண்டு கிள்ளி உண்டு வாழ்த்துக் கூறிக்கொள்வர். உணவு மேசையில் ஓரிடத்தை வெறுமையாக விட்டு வைப்பர், எதிர்பாரா விருந்தினர் வந்தால் அமர்வதற்கு. கடலுக்குச் சென்றவனுக்காகச் சோறெடுத்து மூடி வைக்கும் நம் கரைத் தாய்க்கு அவ்வெறும் இருக்கையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. இன்று அந்தச் சிக்காகோக் கோவிலில் போலந்து மொழியுடன் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பூசை நடைபெறுகிறது. பின்னால் வந்தவர்களுக்கும் இடம் விட்டதனால் அப்பங்கு இன்றும் உயிரோடிருக்கிறது.

நம்மவரும் கடல் கடந்து சென்றனர். முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்திற்காகக் கொழும்பு சென்று குடியேறியோர் அங்கே பரதர் எனத் தனியினமாகக் குடிக்கணக்கில் இடம்பெற்றுள்ளனர். நீர்கொழும்புப் பகுதியிலோ, தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, பள்ளிமொழி மாறியதால் தலைமுறைகள் கழியச் சிங்களம் பேசுவனவாயின. கோவில் அப்படியே நிற்கிறது. விழா அப்படியே நடக்கிறது. பாட்டி பாடிய பாட்டுப் பேரனுக்கு விளங்கவில்லை. நம் கரைக்கு இது ஓர் எச்சரிக்கை.

ஏனெனில் நம் ஊர்களும் மாறிவருகின்றன. கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு முடிந்தது. கட்டுமரத்தின் இடத்தை இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. கடலரிப்பைத் தடுக்கப் பெரியதாழையில் கல் அடுக்கித் தூண்டில் வளைவுகள் அமைக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. படித்த இளைஞர் கப்பல் வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்னைக்கும் செல்கின்றனர். செல்ல வேண்டாமென்று எந்த ஆசிரியன் சொல்வான்? அவர்கள் செல்வதற்காகத்தானே பாடஞ்சொன்னோம். அவர்கள் ஊரை மறக்கவுமில்லை. திருவிழா வந்தால் ஓடி வருகின்றனர். வர இயலாதோர் பணம் அனுப்புகின்றனர். அப்பணத்தால் வாணவேடிக்கை ஆண்டுக்காண்டு உயர்கிறது, ஒலிபெருக்கி பெருகுகிறது, கோவில் முகப்பில் மின்விளக்கு பகலாக்குகிறது.

அந்த மகிழ்ச்சியை நான் குறை கூறவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: வியாகுலப் பாடலை முழுமையாகப் பாடத் தெரிந்தவர் ஊருக்கு எத்தனை பேர் எஞ்சியிருக்கின்றனர்? வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றின் பெயர்களையும், நீரோட்டத்தைக் குறிக்கும் நீவாடு என்னும் சொல்லையும், கரையிலுள்ள பனையையும் கோபுரத்தையும் இணைத்துப் பார்த்துக் கடலில் இடமறியும் கலையையும் எத்தனை பிள்ளைகள் அறிவர்? நான் பணியிலிருந்தபோது மாணவர்களிடம் ஒரு வேலை கொடுப்பதுண்டு. பாட்டனாரிடம் கேட்டு, அவர் அறிந்த கடற்சொற்கள் பத்து எழுதி வா என்பேன். பத்துக் கேட்டால் நாற்பது எழுதி வருவான் மீனவர் வீட்டுப் பையன். வகுப்பில் வாய் திறவாதவன் அன்று தலைநிமிர்ந்து நிற்பான். ‘தெரியாது’ என்று நாணியிருந்த பாட்டனாருக்கும் தாம் ஓர் ஆசிரியர் என்பது அன்றுதான் தெரியவரும். உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ என்னும் நாவல்களில் இக்கரை மொழியை ஏட்டிலேற்றினார். அவற்றுள் ‘கொற்கை’ 2013-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. ஒருவர் செய்த அப்பணியின் சிறு பகுதியை ஒவ்வோர் ஊரும் தனக்காகச் செய்துகொள்ளலாமன்றோ?

ஆதலின் கடற்கரைப் பங்குகளிலுள்ள பெரியோர்க்கும் இளைஞர்க்கும் நான் சில வேண்டுகோள் விடுக்கின்றேன். ஊர்தோறும் ஓர் ஏடு தொடங்குங்கள். பாடல், புலம்பல், செபம், காற்று, நீரோட்டம், மீன், வலை ஆகியவற்றின் பெயர்கள், கோவில் கட்டியோர் வரலாறு ஆகியவற்றை அதில் எழுதுங்கள். இளைஞர் கையிலுள்ள தொலைபேசியே இன்று ஒலிப்பதிவுக் கருவி. மூத்தோர் குரலை அதிற் பிடித்து வையுங்கள். அடுத்த தவக்காலம் வரை எல்லாக் குரல்களும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

திருவிழாவிற்கு வரும் பணத்தில், பழைய வழக்கப்படியே, ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். கடலில் கணவனை இழந்த பெண்ணின் பிள்ளைக்குப் படிப்பாகவும், ஊர்ப் படிப்பகத்திற்கு நூலாகவும் அது மாறட்டும். வாணம் மேலே சென்று வெடித்துச் சாம்பலாகும் நேரத்தில் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணம் செலவாகிவிடுகிறது என்பதைக் கணக்கறிந்தோர் அறிவர். அரசியாரின் காலணிப் பணத்தை ஆசிரியனின் ஊதியமாக்கிய கரை இது. அச்செயலை மீண்டும் செய்ய நமக்கு அரசர் ஆணை வேண்டியதில்லை.

பெண்களுக்கு உரிய இடத்தையும் அளியுங்கள். மீன் கூடையைத் தலையில் சுமந்து சந்தைக்குச் சென்று குடும்பத்தைக் காத்தவர்கள் அவர்கள்; குருவானவர் இல்லாத நாளில் செபத்தைக் காத்தவர்களும் அவர்களே. ஆனால் ஊர்க் கமிட்டி கூடும்போது அவர்கள் நிற்பது எங்கே? தேரின் வடத்தில் அவர்கள் கை உண்டு. ஊரின் முடிவில் அவர்கள் குரலும் இருக்கட்டும். அசன விருந்துப் பந்தியில் தேரியூரானும் அயற்சமயத்தானும் எவ்வித வேறுபாடுமின்றி அருகருகே அமரட்டும்.

தேரும் கொடியும் கோபுரமும் கண்ணாற் காணும் மரபுகள். அவற்றைப் பழுதுபார்க்கத் தச்சரும் கொத்தரும் உளர். பகிர்ந்து வாழும் பழக்கம் கண்ணுக்குத் தெரியாதது. அது பழுதுபட்டால் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து செப்பனிட இயலாது. அந்தந்த ஊராரே, அவரவர் பங்கைச் செலுத்தித்தான் அதனைக் காக்க வேண்டும். பெரியதாழையில் இன்றும் ஒரு படகைக் கரையேற்ற வேண்டுமானால், அது யாருடைய படகு என்று கேளாமல், வழியே செல்பவர் தோள் கொடுக்கின்றனர். அத்தோள் இருக்கும் வரை இம்மரபுக்கு அழிவில்லை என்று நம்புகிறேன்.